மியூனிக்கில் இரண்டு கோப்பைகள்: கிளப்பில் ஆடுபவரும் நாட்டுக்கு ஆடுபவரும் ஒரே வீரர்தானா? (கால்பந்து ரசிகர்கள் புனைபெயரில் நடத்திய விவாதம்)

இடதுகால்:

2025 மே 31, மியூனிக். ஐரோப்பிய கிளப்புகளின் சாம்பியன்ஸ் லீக் இறுதியில் பாரிஸ் கிளப்பான பிஎஸ்ஜி 5, இன்டர் மிலான் 0. ஜூன் 8, அதே மைதானம். ஐரோப்பிய நாடுகளின் நேஷன்ஸ் லீக் இறுதியில் போர்ச்சுகல் 2, ஸ்பெயின் 2, பெனால்டியில் போர்ச்சுகலுக்கு 5–3. இந்த இரண்டு கோப்பைகளையும் ஒன்பது நாளுக்குள் தூக்கியவர்கள் நான்கு பேர்: வித்தின்யா, ஜோவாவ் நெவெஸ், நூனோ மென்டெஸ், கொன்சாலோ ராமோஸ். அன்றிலிருந்து நவம்பரில் நடந்த 2026 உலகக் கோப்பைத் தகுதிச்சுற்று ஆட்டங்கள் வரை என் மனதில் ஓடிக்கொண்டிருக்கும் ஒன்றைச் சொல்கிறேன்.

முதலில் அந்த பிஎஸ்ஜி ஆட்டம். ஆட்டம் தொடங்கியதும் பந்தை நேராக எதிரணிப் பகுதியில் பக்கக் கோட்டுக்கு வெளியே உதைத்தார்கள். பலர் தவறான உதை என்று நினைத்திருப்பார்கள். அது அவர்கள் வழக்கம். த்ரோ எதிரணிக்கு, ஆனால் இடம் எதிரணியின் மூலை. அங்கேயே பத்துப் பேரும் நெருங்கி நின்று மூச்சுவிட இடம் கொடுக்காமல் அழுத்துவார்கள். இன்டரின் கோல்கீப்பர் ஸோமர் கோல் கிக் எடுக்க வந்தபோதெல்லாம் டெம்பெலே பெனால்டி பெட்டியின் ஓரத்தில், ஓடத் தயாராக நிற்கும் ஓட்டக்காரரைப் போல முன்னால் சாய்ந்து நின்றார். 12-வது நிமிடத்தில் வித்தின்யா உள்ளே தள்ளிய பந்து, டூயே குறுக்கே கொடுத்தது, ஹக்கிமி தட்டிவிட்டது. 20-வது நிமிடத்தில் டூயே. அதற்குப் பிறகு இன்டர் எழுந்திருக்கவே இல்லை. ஐரோப்பியக் கோப்பை இறுதிகளில் ஐந்து கோல் வித்தியாசம் அதுவரை நடந்ததே இல்லை.

இத்தனையும் பத்து மாதம் தினமும் ஒன்றாகப் பயிற்சி செய்ததால் வந்தது. அந்த அணியில் எல்லாருக்கும் எல்லாருடைய அடுத்த அடியும் தெரியும்.

இப்போது அடுத்த சில நாட்களைப் பாருங்கள். அதே ஜோவாவ் நெவெஸை போர்ச்சுகல் கோச் ரொபெர்த்தோ மார்ட்டினெஸ் ரைட் பேக் இடத்தில், அதாவது தற்காப்பு வரிசையின் வலது ஓரத்தில், நிறுத்தினார். ஐரோப்பாவின் சிறந்த நடுக்கள வீரர்களில் ஒருவர், ஓரத்தில்! வித்தின்யா ஜெர்மனிக்கு எதிரான அரையிறுதியைத் தொடங்கியதே பெஞ்சில். 58-வது நிமிடத்தில் அவரும் பிரான்சிஸ்கோ கொன்சைசாவும் உள்ளே வந்த பிறகுதான் ஆட்டம் மாறியது. கொன்சைசா ஒரு கோல், ரொனால்டோ ஒரு கோல், 2–1. எல்லாருக்கும் எல்லாரையும் தெரிந்த அந்த நிம்மதி அங்கே இல்லை. கையில் கிடைத்த சில நாள் பயிற்சியை வைத்து ஓர் அணி ஒப்பேற்றிக்கொண்டிருந்தது. ஆனாலும் ஜெயித்தார்கள்.

நான் சொல்ல வருவது இதுதான். கிளப் ஆட்டத்தில் நாம் பெரும்பாலும் கோச்சின் வேலையைப் பார்க்கிறோம். தேசிய அணி ஆட்டத்தில் அந்த வேலை பாதிக்கு மேல் கழன்று விழுந்துவிடுகிறது. மிச்சம் இருப்பது வீரர். அவர் தன் காலில் எதைச் சொந்தமாகக் கொண்டுவருகிறார் என்பது அங்கேதான் தெரிகிறது. அதனால்தான், நாட்டு ஆட்டங்களுக்காக கிளப் ஆட்டங்களை நிறுத்தும்போது "இன்டர்நேஷனல் பிரேக் வந்துவிட்டது, இரண்டு வாரம் வீண்" என்று சொல்பவர்களோடு எனக்கு ஒத்துப்போவதே இல்லை.

இதற்குச் சாட்சி அந்த பிஎஸ்ஜியின் கோச் லூயிஸ் என்ரிக்கேயே. 2022 உலகக் கோப்பையில் அவர் ஸ்பெயின் கோச். வீரர்கள் கிளப்பிலேயே ஆயிரம் பெனால்டி அடித்துப் பழகிவிட்டு வரவேண்டும் என்று வீட்டுப்பாடம் கொடுத்ததாக அவரே சொன்னார். ஏன்? தன்னிடம் நாள் இல்லை. மொராக்கோவோடு 0–0, பெனால்டியில் ஸ்பெயின் மூன்றையும் விட்டது. கடைசிப் பெனால்டியைக் கோல்கீப்பர் விழுந்த பிறகு நடுவில் மெதுவாகத் தூக்கிப்போட்டவர் ஹக்கிமி. அதே ஹக்கிமி 2025-இல் அதே கோச்சுக்கு இறுதியாட்டத்தின் முதல் கோலை அடித்தார். கோச் ஒருவர்தான். கையில் கிடைத்த நாட்கள்தான் வேறு.

தெற்கு மாடம்:

நல்ல தொடக்கம், ஆனால் பாதி வழிக்கு மேல் என்னால் உங்களோடு வர முடியவில்லை. தேசிய அணியில் கோச்சின் வேலை கழன்றுவிடுகிறது என்றால், ஸ்பெயினை எப்படி விளக்குவீர்கள்?

லூயிஸ் தெ லா ஃபுவெந்தே 2022 டிசம்பரில் ஸ்பெயின் கோச்சாக வந்தார். ஆனால் அந்த வீரர்களோடு அவருடைய பழக்கம் அன்று தொடங்கியது இல்லை. 2015-இல் 19 வயதுக்குட்பட்டோர் யூரோவை வென்ற அவருடைய அணியில் ரொட்ரி, மெரினோ, உனாய் சிமோன். 2019-இல் 21 வயதுக்குட்பட்டோர் யூரோவில் ஃபேபியன் ரூயிஸ், டானி ஓல்மோ, ஒயார்ஸபால். டோக்கியோ ஒலிம்பிக்கில் வெள்ளி வாங்கிய அணியில் சுபிமென்டி, குக்குரேயா, பெட்ரி. 2024 யூரோ இறுதியில் இங்கிலாந்துக்கு எதிராக 86-வது நிமிடத்தில் குக்குரேயா குறுக்கே போட்டதை ஒயார்ஸபால் உள்ளே தட்டினாரே, அது ஏதோ அவசரத்தில் கூடிய இருவர் செய்தது இல்லை. ரொட்ரி காயத்தில் பாதியிலேயே வெளியேற, சுபிமென்டி வந்தார், எதுவும் குலையவில்லை.

இது பயிற்சி இல்லாத அணியா? பத்து வருடப் பயிற்சி. கிளப்பில் கோச் இரண்டு தோல்வியில் வேலை இழக்கிறார். ஒரு நாட்டுச் சங்கம் பொறுமையாக இருந்தால் கிளப்பை விட நீளமான வேலையைச் செய்ய முடியும் என்பதற்கு ஸ்பெயினே போதும்.

நார்வேயையும் சேர்த்துக்கொள்ளுங்கள். ஸ்டோலே சோல்பாக்கன் 2020 கடைசியிலிருந்து கோச். 2022 உலகக் கோப்பை இல்லை, 2024 யூரோ இல்லை. ஹாலண்டும் ஓடெகார்டும் இருந்தும் போகவில்லையே என்று எவ்வளவு பேச்சு வந்திருக்கும்! அவரை விடாமல் வைத்திருந்தார்கள். 2026 உலகக் கோப்பைத் தகுதிச்சுற்றில் எட்டு ஆட்டத்தில் எட்டு வெற்றி.

பழைய பந்து:

இன்டரைப் பற்றி ஒரு வார்த்தை. அந்த 5–0 பிஎஸ்ஜியின் பெருமை, அதில் சந்தேகம் இல்லை. ஆனால் அன்று களத்தில் நின்ற இன்டர், மே 6-இல் பார்சிலோனாவை விழுத்திய இன்டர் இல்லை.

அந்த அரையிறுதியை நான் இன்னும் மறக்கவில்லை. பார்சிலோனாவில் 3–3. மிலானில், சான் சீரோ மைதானத்தில் 2–0 என்று முன்னிலை, அது கரைந்து 87-வது நிமிடத்தில் ரஃபீன்யா அடித்து 2–3. எல்லாம் முடிந்தது என்ற நேரத்தில், 93-வது நிமிடத்தில், 37 வயது சென்டர் பேக் அச்செர்பி சென்டர் ஃபார்வர்டு நிற்க வேண்டிய இடத்தில் நிற்கிறார். டம்ஃப்ரைஸ் கொடுத்த பந்தை மேல் வலைக்கு அடித்தார். அவரை அங்கே போகச் சொல்லி எந்தப் பயிற்சிப் பலகையிலும் வரைந்திருக்க மாட்டார்கள். 99-வது நிமிடத்தில் ஃபிராத்தேசி. மொத்தம் 7–6. ஒரு பக்கம் 17 வயது யாமால், மறுபக்கம் 36 வயது ஸோமர். யாமால் அடித்த பந்துகளை ஸோமர் விரல் நுனியில் தட்டிக்கொண்டே இருந்தார்.

அதற்குப் பிறகு லீக் பட்டத்தை ஒரே புள்ளியில் நாப்போலியிடம் இழந்தார்கள். கால் ஓய்ந்து, மனமும் ஓய்ந்துதான் மியூனிக் வந்தார்கள். இடதுகால் சொல்வதற்கு இதுவே பதில். வீரர் சொந்தமாகக் கொண்டுவருவது கிளப் ஆட்டத்திலும் தெரியும். அச்செர்பியின் அந்த ஓட்டம் யாருடைய திட்டம்?

கடைசி நிமிடம்:

நவம்பர் 18, ஸ்காட்லாந்தின் ஹேம்ப்டன் பார்க். உலகக் கோப்பைத் தகுதிச்சுற்றின் கடைசி ஆட்டம். இதைப் பேசாமல் எப்படி?

டென்மார்க்குக்கு டிரா போதும். ஸ்காட்லாந்து ஜெயித்தே ஆகவேண்டும், 1998-க்குப் பிறகு உலகக் கோப்பையே பார்க்காத நாடு. மூன்றாவது நிமிடத்தில் மெக்டோமினே முதுகைத் தரைக்குக் கொடுத்து, தலைக்கு மேல் காலை வீசி அடித்த அந்த பைசைக்கிள் கிக்! அதன் பிறகு ஒரு மணி நேரம் டென்மார்க்தான் நன்றாக ஆடியது. ஹொய்லுண்ட் பெனால்டியில் 1–1. டென்மார்க்குக்கு ஒரு ரெட் கார்டு. ஷாங்க்லண்ட் 2–1. பத்துப் பேரோடு டோர்கு 2–2. அப்போது முடிந்தது என்றே நினைத்தேன். 93-வது நிமிடத்தில் டியர்னி பெட்டிக்கு வெளியிலிருந்து இடது காலால் வளைத்தார், 3–2. கடைசியில் கென்னி மெக்லீன், நடுக்கோட்டுப் பக்கத்திலிருந்து, கோல்கீப்பர் முன்னால் வந்திருப்பதைப் பார்த்து ஒரே உதை. பந்து காற்றில் இருந்த நேரம் முழுக்க நான் நாற்காலியில் இல்லை.

இந்த நான்கு கோலையும் எந்த கோச்சும் பயிற்சியில் திட்டமிட்டிருக்க முடியாது. இடதுகால் சொல்வது சரி. இதுதான் மிச்சம் இருக்கும் வீரர்.

இரண்டு நாள் முன்பு புடாபெஸ்ட். அயர்லாந்து 2–1 பின்னால், அந்த ஒரு கோலும் டிராய் பாரட்டின் பெனால்டி. 80-வது நிமிடத்தில் டிராய் பாரட், 96-வது நிமிடத்தில் மறுபடி டிராய் பாரட். ஹங்கேரி வீட்டில் உட்கார்ந்தது, அயர்லாந்துக்கு பிளே ஆஃப், அதாவது தகுதி பெற இன்னொரு வாய்ப்பு. மூன்று நாள் முன்னால் டப்ளினில் போர்ச்சுகலை 2–0 வென்றபோதும் இரண்டும் அவருடையவை. ஒரே வாரத்தில் ஐந்து கோல். நெதர்லாந்தின் ஆல்க்மாரில் ஆடியவர், பெரிய கிளப்புகளைப் பற்றி மட்டும் பேசுபவர்களுக்கு அந்த வாரம் வரை பெயரே தெரியாது. அதே அணி செப்டம்பரில் அர்மேனியாவிடம் 2–1 தோற்றிருந்தது!

எட்டாம் எண்:

கடைசி நிமிடம், உங்கள் உற்சாகத்தில் பங்கு கேட்கிறேன், ஆனால் மெக்டோமினேயை அந்தப் பட்டியலில் சும்மா விட்டுவிடாதீர்கள். இந்த விவாதத்தில் இருவர் பக்கமும் பேசக்கூடிய வீரர் அவர்தான்.

மான்செஸ்டர் யுனைடெட்டில் இருந்தபோது அவரைப் பெரும்பாலும் பின் நடுக்களத்தில் நிறுத்தினார்கள். உயரமானவர், உழைப்பவர், அங்கே நிற்கட்டும் என்ற கணக்கு. ஸ்காட்லாந்து கோச் ஸ்டீவ் கிளார்க் அவரைச் சில காலம் பின் வரிசையில்கூட ஆடவைத்தார். அப்புறம் முன்னால் தள்ளினார். 2023 மார்ச்சில் அதே ஹேம்ப்டனில் ஸ்பெயினுக்கு எதிராக இரண்டு கோல், 2–0. அந்த யூரோ தகுதிச்சுற்றில் மொத்தம் ஏழு கோல். பெட்டிக்குள் தாமதமாக ஓடிவரும் ஆள் என்று அவரை முதலில் கண்டுபிடித்தது கிளப் இல்லை, நாடு. 2024-இல் நாப்போலி வாங்கியது, அங்கே கோச் கோன்டே அதே ஓட்டத்தைப் பயன்படுத்தினார், இத்தாலி லீக் பட்டம், அந்த சீசனின் சிறந்த வீரர் விருது. பட்டத்தை முடிவு செய்த காலியாரி ஆட்டத்தில் முதல் கோலும் காற்றில் பக்கவாட்டில் தாவி அடித்ததுதான்.

அதனால் ஹேம்ப்டன் கோல் திடீரென்று வானத்திலிருந்து விழவில்லை. ஓர் ஆளைப் பற்றி தேசிய கோச் சரியாக யோசித்ததில் தொடங்கி, கிளப்பில் ஒரு வருடம் தினமும் அதைச் செய்து, திரும்பவும் நாட்டு அணிக்கு வந்த கோல். அன்று எதிர்ப்பக்கம் பெனால்டி அடித்த ஹொய்லுண்ட் இப்போது நாப்போலியில் அவருடைய சக வீரர். தினமும் சேர்ந்து பயிற்சி செய்பவர்கள் அன்று ஒருவரை ஒருவர் உலகக் கோப்பைக்கு வெளியே தள்ளப் பார்த்தார்கள்.

அன்ஃபீல்டு ரசிகை:

ஹேம்ப்டன் பற்றிப் பேசுகிறீர்கள், ஆட்டம் முடிந்தபின் ஸ்காட்லாந்து கேப்டன் ஆண்டி ராபர்ட்ஸன் பேசியதைக் கேட்டீர்களா? அன்று முழுக்க, லிவர்பூலில் தன்னோடு ஆடிய டியோகோ ஜோட்டா மனதை விட்டுப் போகவில்லை என்றார். உலகக் கோப்பைக்குப் போவதைப் பற்றி இருவரும் எவ்வளவோ பேசியிருக்கிறார்கள். 2022-இல் ஜோட்டா காயத்தால் போகவில்லை. ராபர்ட்ஸனின் நாடு தகுதி பெறவில்லை. அடுத்ததற்குச் சேர்ந்து போவோம் என்றிருந்தார்கள்.

ஜோட்டா 2025 ஏப்ரலில் எங்கள் லிவர்பூலோடு லீக் பட்டம் வென்றார். ஜூன் 8-இல் இடதுகால் சொன்ன அந்த மியூனிக் கோப்பை, அதிலும் அவர் இருந்தார். ஜூலை 3-இல் தம்பி ஆன்ட்ரே சில்வாவோடு கார் விபத்தில் போய்விட்டார். 28 வயது.

போர்ச்சுகலில் அவருடைய 21-ஆம் எண்ணை அவருடைய நெருங்கிய நண்பர் ரூபென் நெவெஸ் போட்டுக்கொண்டார். அக்டோபர் 11, லிஸ்பனில் அயர்லாந்துக்கு எதிராக. ரொனால்டோ பெனால்டியை அயர்லாந்து கோல்கீப்பர் தடுத்துவிட்டார். 91-வது நிமிடத்தில் ரூபென் நெவெஸ் தலையால் அடித்து 1–0. நாட்டுக்காக அவர் அடித்த முதல் கோல் அது. அந்த எண்ணோடு.

கிளப்பா நாடா என்று நீங்கள் பிரிக்கிறீர்கள். ராபர்ட்ஸன் ஸ்காட்லாந்துக்காரர், ஜோட்டா போர்ச்சுகல்காரர். இருவரையும் சேர்த்து வைத்தது கிளப். அந்தப் பாசத்தை ராபர்ட்ஸன் தேசிய ஜெர்சியில் சுமந்துகொண்டு ஆடினார். எனக்கு இதில் பிரிக்க எதுவும் தெரியவில்லை.

இடதுகால்:

தோழி, அந்தப் பேட்டியைப் பார்த்தேன். அதற்கு நான் பதில் எழுதப்போவதில்லை, அப்படியே இருக்கட்டும்.

மற்றவர்களுக்கு வருகிறேன். தெற்கு மாடம் சொன்ன ஸ்பெயின் கணக்கு பலமான கணக்கு. ஆனால் அந்த ஸ்பெயினையே ஜூன் 8-இல் பாருங்கள். அவர்கள்தான் அதிகம் பழகிய அணி. அரையிறுதியில் பிரான்ஸுக்கு எதிராக 5–1 வரை போய் 5–4-இல் முடித்தவர்கள், ஆடத் தொடங்கினால் நிறுத்த முடியாது. இறுதியில் அவர்களை யார் நிறுத்தியது? போர்ச்சுகலின் திட்டமா? நூனோ மென்டெஸ் என்ற ஒரே ஆள். யாமாலை அவர் விட்ட இடம் எனக்கு நினைவில்லை. அதோடு நிற்கவில்லை. 26-வது நிமிடத்தில் ஓடிப்போய்த் தாழ்வாக அடித்து 1–1. பிறகு அவர் போட்ட கிராஸ் எதிரி மேல் பட்டு எழும்ப, ரொனால்டோ அதை உள்ளே அடித்து 2–2. பெனால்டியிலும் ஒன்று. ஒரு லெஃப்ட் பேக் ஒரு கோப்பை இறுதியை இப்படித் தூக்கிச் சுமந்து நான் பார்த்தது அரிது.

தெற்கு மாடம்:

சரி, அதே மென்டெஸ் மார்ச் மாதம் லிவர்பூலின் மைதானமான அன்ஃபீல்டில் சலாவையும், பிறகு ஆர்சனல் ஆட்டங்களில் சாகாவையும் இதேபோலத்தான் அடக்கினார். யாருடைய அணியில்? லூயிஸ் என்ரிக்கேயின் அணியில். விங்கரோடு தனியாக நின்று மோது, பந்து கிடைத்ததும் நீயே விங்கர் ஆகு என்று அவருக்குத் தினமும் சொல்லிக்கொடுத்த வேலை அது. மியூனிக்கில் நீங்கள் பார்த்தது வீரரின் சொந்தச் சரக்கு என்கிறீர்கள். அந்தச் சரக்கு எங்கே வாங்கியது என்று நான் கேட்கிறேன்.

பெனால்டியையும் பாருங்கள். போர்ச்சுகலின் ஐந்தில் மூன்று ராமோஸ், வித்தின்யா, மென்டெஸ் அடித்தவை. மார்ச்சில் லிவர்பூலைப் பெனால்டியில் 4–1 என்று வெளியேற்றிய அணியில் இருந்து வந்தவர்கள், அதில் வித்தின்யாவும் ராமோஸும் அன்ஃபீல்டிலேயே அடித்தவர்கள். ஸ்பெயின் பக்கம் மொராட்டா அடித்ததை டியோகோ கோஸ்டா தடுத்தார், கடைசியை ரூபென் நெவெஸ் போட்டார். லூயிஸ் என்ரிக்கே ஸ்பெயினுக்குக் கொடுத்த வீட்டுப்பாடத்தை போர்ச்சுகல்காரர்கள் செய்துவிட்டு வந்தார்கள்.

இடதுகால்:

இதை மறுக்கமாட்டேன், ஆனால் முழுதாக ஒத்துக்கொள்ளவும் மாட்டேன். சொல்லிக்கொடுத்தது கிளப்தான். ஆனால் கிளப்பில் மென்டெஸ் முன்னே ஓடினால் பின்னே யார் நிரப்புவார்கள் என்று அவருக்குத் தெரியும். போர்ச்சுகலில் அந்த உறுதி இல்லை. இருந்தும் ஓடினார் பாருங்கள், அந்த முடிவு அவருடையது. அதைத்தான் நான் பார்க்க விரும்புகிறேன்.

அன்ஃபீல்டு ரசிகை:

ஓடினார், சரி. எத்தனை ஆட்டம் ஓடுவார்? நீங்கள் இருவரும் இதைத் தொடவே இல்லையே.

பிஎஸ்ஜி ஜூன் 8-க்குப் பிறகு ஓய்வெடுத்ததா? ஒரு வாரத்தில் அமெரிக்காவில் கிளப் உலகக் கோப்பை. ஜூலை 13-இல் செல்சியிடம் இறுதியில் 3–0 தோல்வி, பால்மர் இரண்டு கோல், ஜோவாவ் பெட்ரோ ஒன்று. ஒரு மாதம் கழித்து ஆகஸ்ட் 13-இல் டோட்டன்ஹாமோடு சூப்பர் கோப்பை. செப்டம்பர் 5-இல் பிரான்ஸ் உக்ரைனோடு ஆடிய ஆட்டத்தில் டெம்பெலேவும் டூயேவும் ஒரே இரவில் காயம். அந்த மாதமே டெம்பெலே உலகின் சிறந்த வீரருக்கான பலோன் தோர் விருதை வாங்கினார், ஆனால் ஆடக் கால் இல்லை. பிஎஸ்ஜி வெளிப்படையாகக் கடிதம் எழுதிக் கோபத்தைக் காட்டியது. அதே மாதம் பார்சிலோனா கோச் ஹான்ஸி ஃபிளிக், யாமாலுக்கு வலிமாத்திரை கொடுத்து ஸ்பெயின் ஆடவைத்தது என்று கொதித்தார். நவம்பரில் ஸ்பெயின் முகாம் தொடங்கும் நாளிலேயே கிளப் பக்கம் யாமாலுக்குச் சிகிச்சை நடந்தது, தங்களுக்கு முன்கூட்டிச் சொல்லவில்லை என்று சங்கம் கோபப்பட்டு அவரை அணியிலிருந்து விடுவித்தது.

18 வயதுப் பையன். இரண்டு பக்கமும் அவனைத் தன் சொத்து மாதிரி இழுக்கிறார்கள். 2023 நவம்பரில் காவி ஜார்ஜியாவுக்கு எதிராக முழங்கால் தசைநார் கிழிந்து கிட்டத்தட்ட ஒரு வருடம் உட்கார்ந்தானே, அதில் யாரும் எதுவும் கற்றுக்கொள்ளவில்லை. ரசிகர்களாகிய நாம் அடுத்த ஆட்டம் எப்போது என்று கேட்பதை நிறுத்தாதவரை அட்டவணை போடுபவர்களும் நிறுத்தமாட்டார்கள். எனக்கு இந்த வருடக் கால்பந்தில் மனம் நிறைந்த இரவுகள் நிறைய. ஆனால் இந்த ஒன்றில் மட்டும் கோபம் ஆறவே இல்லை.

பழைய பந்து:

நூற்றுக்கு நூறு சரி. கூடவே இதையும் கேளுங்கள்: இப்போது சாம்பியன்ஸ் லீக் முதல் கட்டத்திலேயே எட்டு ஆட்டம். பிஎஸ்ஜி அதில் 15-வதாக வந்து, பிளே ஆஃப் இரண்டு ஆட்டம் கூடுதலாக ஆடியது. ஜனவரி 22-இல் மான்செஸ்டர் சிட்டி 2–0 என்று முன்னால் இருந்தபோது அவர்கள் வெளியேறும் விளிம்பில் இருந்தார்கள். இடைவேளையில் வந்த டெம்பெலே ஒன்று அடித்து, முடிவில் 4–2. அந்த இரவு இல்லையென்றால் மியூனிக்கே இல்லை. ரசிகனாக அந்த ஆட்டத்தை நான் யாருக்கும் விட்டுக்கொடுக்கமாட்டேன். ஆனால் கால்கள் ஒரே கால்கள்தானே.

கடைசி நிமிடம்:

சிறிய நாடுகளின் பக்கமும் கொஞ்சம் வாருங்கள். கேப் வெர்டே கேமரூனைத் தாண்டி அவர்கள் குழுவில் முதலிடம். அவர்களுடைய டிஃபெண்டர் பீக்கோ லோபெஸ் டப்ளினில் பிறந்து அயர்லாந்து லீக்கில் ஆடுபவர். அப்பா கேப் வெர்டேக்காரர். கோச் லிங்க்ட்இனில் அனுப்பிய செய்தியை வெறும் விளம்பரம் என்று நினைத்துப் பல மாதம் விட்டுவிட்டாராம். இப்போது உலகக் கோப்பை.

கியூராசாவ் இன்னும் சிறியது. ஒன்றரை லட்சத்துக்குச் சற்று மேல் மக்கள். உலகக் கோப்பைக்கு இவ்வளவு சிறிய நாடு இதுவரை போனதில்லை. நவம்பர் 18, கிங்ஸ்டனில் ஜமைக்காவோடு டிரா போதும். பந்து மூன்று முறை கம்பத்தில் பட்டது. இஞ்சுரி டைமில் ஜமைக்காவுக்குப் பெனால்டி கொடுத்து, வி.ஏ.ஆர். வீடியோவைப் பார்த்துத் திரும்ப வாங்கினார்கள். 0–0. அன்று அவர்கள் கோச் டிக் அட்வோகாட் குடும்ப விஷயமாக அங்கே இல்லவே இல்லை. உலகக் கோப்பையை 48 நாடு என்று கூட்டியதை நிறையப் பேர் திட்டுகிறார்கள். நான் திட்டமாட்டேன்.

எட்டாம் எண்:

48 நாட்டில் இத்தாலிக்கு 2025 நவம்பரில்கூட இடம் உறுதி ஆகவில்லை என்பதையும் சொல்லுங்கள். 2018 இல்லை, 2022 இல்லை, அப்போது மறுபடி பிளே ஆஃப். ஜூனில் ஆஸ்லோவில் நார்வேயிடம் 3–0, ஸ்பலேட்டி வேலை போனது. கத்தூசோ வந்து ஐந்து ஆட்டம் தொடர்ந்து வென்றார், நவம்பர் 16-இல் சான் சீரோவில் பியோ எஸ்போசித்தோ அடித்து முன்னிலையும் எடுத்தார்கள். இரண்டாம் பாதியில் நூசா, ஒரு நிமிட இடைவெளியில் ஹாலண்ட் இரண்டு, கடைசியில் ஸ்டிராண்ட் லார்சன். 1–4. ஹாலண்ட் இந்தத் தகுதிச்சுற்றில் 16 கோல். நார்வே கடைசியாக ஒரு பெரிய போட்டியில் ஆடியது 2000 யூரோவில், அது முடிந்த மாதத்தில்தான் ஹாலண்ட் பிறந்தார். அவருடைய அப்பா 1994 உலகக் கோப்பையில் ஆடியவர்.

சிட்டியில் ஹாலண்டுக்குப் பந்து கொடுக்க உலகின் விலை உயர்ந்த கால்கள் உண்டு. நார்வேயில் ஓடெகார்ட் காயத்தில் இல்லாத ஆட்டங்களிலும் அவர் அடித்தார். இடதுகால், இந்த ஓர் உதாரணத்தை உங்கள் பக்கம் எழுதிக்கொள்ளுங்கள்.

இடதுகால்:

எழுதிக்கொண்டேன். ஆனால் எனக்கு இப்போது மனதில் ஓடுவது போர்ச்சுகல்தான். டப்ளினில் ரொனால்டோ முழங்கையால் இடித்து ரெட் கார்டு வாங்கினார், 226 ஆட்டத்தில் முதல் முறை. மூன்று நாள் கழித்து அவர் இல்லாமல் அர்மேனியாவோடு 9–1. புருனோ ஃபெர்னான்டெஸ் மூன்று, ஜோவாவ் நெவெஸ் மூன்று. நெவெஸ் அன்று ரைட் பேக் இல்லை, நடுவில் அவருடைய இடத்தில், பக்கத்தில் வித்தின்யா. ஃப்ரீகிக்கிலும் ஒரு கோல். அர்மேனியா பலவீனமான அணிதான், தெரியும். ஆனால் அந்த இருவரும் பந்தைக் கொடுத்து வாங்கிய வேகம் அப்படியே பிஎஸ்ஜி. உலகக் கோப்பைக்கு முன் ஒரு புதிய அணியைக் கட்டத் தேவையில்லை, பாரிஸில் ஏற்கெனவே கட்டி வைத்திருக்கிறார்கள், அதை அப்படியே தூக்கிக்கொண்டு வந்தால் போதும்.

தெற்கு மாடம்:

இதைத்தானே முதலிலிருந்து சொல்கிறேன்!

ரொனால்டோ உலகக் கோப்பை முதல் ஆட்டத்திலிருந்தே ஆடலாம், அந்த ரெட் கார்டுக்கு விதித்த தடையின் பெரும்பகுதியை நிறுத்தி வைத்துவிட்டார்கள். மார்ட்டினெஸ் அவரை உட்காரவைக்க மாட்டார். அப்படியானால் முன்னால் அழுத்தும் வேலையை யார் செய்வது? டெம்பெலே செய்ததை 41 வயதில் அவரிடம் கேட்க முடியாது. அவருக்குப் பின்னால் நெவெஸும் வித்தின்யாவும் கூடுதல் தூரம் ஓட வேண்டும். ஜூன் மாத வெயிலில், ஒரு முழு சீசன் ஆடிய காலோடு.

பழைய பந்து:

மியூனிக்கில் 61-வது நிமிடத்தில் சமன் செய்தவர் அவர்தான் என்பதை மறக்க வேண்டாம். அரையிறுதியிலும் வெற்றி கோல் அவருடையது. 60 நிமிடம் ஆடட்டும், அப்புறம் ராமோஸ் வரட்டும். இறுதியாட்டத்தில் 88-வது நிமிடத்தில் செய்த மாற்றத்தை அரை மணி நேரம் முன்னால் செய்தால் போதும்.

அன்ஃபீல்டு ரசிகை:

ராமோஸ் வரட்டும், நெவெஸ் நடுவில் நிற்கட்டும். மார்ட்டினெஸ் மறுபடி அவரை ரைட் பேக்கில் நிறுத்தினால் நான் அந்த ஆட்டத்தில் எதிரணிக்குத்தான் கைதட்டுவேன்.